தடைக்காலத்து ஊசி

ஏப்ரல் 19, 2008

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் அரசலாற்றில் கட்டிக் கிடக்கின்றன. படகு ஓட்டுகிற நான் கருக்களாச்சேரியில் வீட்டோடு கட்டிக் கிடக்கிறேன். காலையும் மாலையும் மகளுக்கு ஊசி போடுவதுதான் உத்தியோகம். தீபாவுக்குச் சர்க்கரை என்று போன மாதம்தான் தெரிந்தது. பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது வரும் என்றே எனக்குத் தெரியாது. ஆயுசுக்கும் இன்சுலின் போட வேண்டுமாம்.

வலையில் மாட்டிய சுறாவைப் பிடுங்கி எறிகிற கை இது. மயிரிழை ஊசியைப் பிடித்தால் கண் தானாக மூடிக்கொள்கிறது. என் மனைவி அஞ்சுகமோ ஊசியைக் கண்டதும் அடுப்படிக்கு ஓடிவிடுகிறாள். இன்று தீபா சொன்னாள்: "அப்பா, கண்ண மூடிக்கிட்டுக் குத்தாத. நான்தான் மூடணும்."

தடை முடிந்தால் நாலைந்து நாள் கடலிலேயே கிடப்பேன். அப்போது இவளுக்கு யார் போடுவது?

ஏப்ரல் 29

ஆஸ்பத்திரி. பிள்ளை நேரில் வர வேண்டும், காலி பாட்டிலைக் கொடுத்தால்தான் புதுப் பாட்டில். அதுதான் சட்டம். மருந்து கொடுக்கிற கோவிந்தராசு காலி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் புதுசை நீட்டினார். "குளிர்ச்சியா வைங்க" என்றார்.

எங்களிடம் போய்க் குளிர்ச்சியைப் பற்றி! இதுவரை கபீர் பாய் கடை ஃபிரிட்ஜில் வைத்திருந்தோம். ஓயாமல் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் மீன் பெட்டி இருக்கும்போது நமக்கென்ன குறை? ஐஸை நொறுக்கிப் போட்டு, இறாலுக்குப் போடுவது போலக் கல்லுப்பும் தூவி, நடுவில் பாட்டிலைப் புதைத்தேன். இறாலே கெடாது, மருந்து கெட்டுவிடுமா என்று அஞ்சுகத்திடம் பெருமை வேறு.

மே 1

மருந்து குச்சி ஐஸ் மாதிரி உறைந்துவிட்டது. வெந்நீரில் வைத்து இளக்கிப் போட்டேன். நல்ல குளிர்ச்சி!

மே 4

தீபா குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள். வெயில்தானோ?

மே 6

காலையில் பிள்ளை நிற்க முடியாமல் துவண்டாள். பாட்டிலை ஆட்டிப் பார்த்தேன். திரிந்த பால் மாதிரி உள்ளே துகள் துகளாக ஓடியது. அஞ்சுகம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், நான் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"மருந்து கெட்டுப்போச்சுங்க. வேற குடுங்க."

கோவிந்தராசு தூக்கிப் பார்த்தார். "பாதிக்கு மேல இருக்கே. காலி பாட்டில் கொண்டாந்தாத்தான் வேற. அடுத்த செவ்வாக்கெழம வாங்க."

"அப்ப இத கொட்டிட்டு வரட்டா?"

"கொட்டுனா, நாளுக்கு முன்னாடி ஏன் வேற குடுத்தன்னு என்னைய எழுதிக் கேப்பாங்க."

எவன்டா போட்டான் இந்தச் சட்டத்த? பாட்டில் காலியாவுறது முதல்லயா, எம்புள்ள போறது முதல்லயா? — அந்த மனுசனைச் சொல்லி என்ன, அவர் கையில் எதுவுமில்லை.

அதற்குள் தீபா அங்கேயே வாந்தி எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் போன சந்திரலேகா சிஸ்டர் ஓடி வந்து, குனிந்து அவள் மூச்சை முகர்ந்து பார்த்தார். பழ வாடை அடித்தால் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது என்று அர்த்தமாம். "பாட்டில் சட்டமெல்லாம் வெளிய இருந்து வர்றவங்களுக்கு. உள்ள படுத்தா வார்டு மருந்து. தூக்குங்க பிள்ளைய!"

மே 7

டிரிப்ஸ் ஏறுகிறது. கண் திறந்து "பசிக்குது" என்றாள். அப்பாடா.

எப்படிக் கெட்டது என்று சிஸ்டர் கேட்டார். ஐஸ் பெட்டிக் கதையைச் சொன்னேன். வெறித்துப் பார்த்தார். "உப்பு வேறயா? காயப்போட்டுக் கருவாடாக்காம விட்டீங்களே!" உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் கடுங்குளிராகுமாம், உறைந்தால் மருந்து செத்துவிடுமாம். சும்மா குளுகுளுவென்று இருந்தால் போதுமாம்; ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் மண்பானையில் ஈர மணலைக் கொட்டி அதற்குள் வைக்கலாமாம்.

சிரித்துவிட்டு வந்தேன். பிறகு மாடிப்படிக்குக் கீழே நின்று அழுதேன். என் கையாலேயே செத்த மருந்தைக் குத்தியிருக்கிறேனே.

மே 9

அந்த வார்டில் ஆம்பளைகள் துணைக்குத் தங்கக் கூடாது. ஆக, ஊசி போடத் தெரிந்தவன் வெளியே, ஊசிக்குப் பயந்தவள் உள்ளே. நல்ல ஏற்பாடு!

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஊசியை அஞ்சுகத்திடம் கொடுத்தார். அவள் அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள். "இங்க குடும்மா" என்று தீபா வாங்கிக்கொண்டாள். மருந்தை உறிஞ்சினாள், குமிழியைத் தட்டினாள், வயிற்றைக் கிள்ளிப் பிடித்தாள், குத்தினாள். கண்ணைத் திறந்துகொண்டே!

என்னை அறியாமல் விசில் அடித்துவிட்டேன். வாட்ச்மேன் விரட்டினார். விரட்டட்டும்.

மே 12

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டரிடம் சிஸ்டர் எனக்காக வழக்காடினார்: "சார், ஒத்த பாட்டில் ஒடஞ்சாலும் கெட்டாலும் இந்தப் புள்ளைங்க என்ன பண்ணும்?" டாக்டர் யோசித்துவிட்டு, ஊசி போடும் பிள்ளைகளுக்கெல்லாம் கையிருப்பாக இன்னொரு பாட்டில் கொடுக்க உத்தரவு எழுதிவிட்டார். முதல் ஆள் தீபா.

இரண்டு பாட்டிலையும் நீட்டிய கோவிந்தராசு சொன்னார்: "எனக்கும் நிம்மதிங்க. அன்னைக்கி ராத்திரி சோறு எறங்கல."

மே 30

தடை முடிந்தது. டீசல், வலை, அரிசி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஊசி, சாப்பாடு, தலைசுற்றினால் வாயில் ஒரு பிடி சர்க்கரை என்று நான் ஒப்பித்துக்கொண்டே இருந்தேன். "நீ எஞ்சினப் பாத்துக்க, நான் என்னையப் பாத்துக்கிறேன்" என்றாள் தீபா.

ஜூன் 4

நேற்றுக் கரைக்கு வந்தோம். நல்ல பாடு, பெட்டி பெட்டியாக மீன். ஆனால் கரையில் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது அஞ்சுகத்தின் முகத்தைத்தான். சிரித்தாள். "ஒரு வேள கூடத் தப்பலங்க. பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கா."

ஜூன் 22

ஞாயிற்றுக்கிழமை. அம்பகரத்தூரிலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கும் இதே நோய். ஊசி என்றால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாளாம். சந்திரலேகா சிஸ்டர்தான் வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். தெருமுனையில் வந்தவர் விசாரித்தது எனக்கே கேட்டது: "தீபா வீடு எதுங்க?"

இத்தனை வருசமாக இந்தத் தெருவில் இது என் பேரில் மாணிக்கவேல் வீடு.

"இதாங்க, வாங்க வாங்க" என்று பாயை விரித்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "அப்பா, அவங்கள கையக் கழுவிட்டு வரச் சொல்லு. நீயும் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு, தீபா அந்தப் பிள்ளைக்கு ஊசி போடச் சொல்லிக் கொடுப்பதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன்.