ஆயில் ஏறும்வரை

காலை வேளையில் என்னைக் காக்க வைப்பதையே ஒரு வேலையாக வைத்திருந்த என் அருமை அண்ணாவுக்கு,

உன் டர்போவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு எதைச் சொன்னாலும் நீ காதில் வாங்க மாட்டாய். நேற்று வண்டியை சனத்நகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு நல்ல சேதிதான் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போனபிறகு இது மூன்றாவது குளிர்காலம். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட நீயும், பண்ணிக்கொண்டு திரும்பி வந்த நானும் இருந்த சிகந்தராபாத் மெட்டுகூடா மாடி வீட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். கீழ் வீட்டில் அதே தெலுங்கு அம்மாள்தான். இந்த வருஷமும் குளிருக்குக் குறைச்சல் இல்லை. காலையில் காரின் கண்ணாடியில் பனி இறங்கியிருக்கிறது. உன் பழைய பனியனால்தான் துடைக்கிறேன். அது துடைப்பதற்கு மட்டும்தான் லாயக்கு என்று நீ இருக்கும்போதே சொன்னேன், நீ கேட்கவில்லை.

உனக்கு இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய அந்தப் பழைய டீசல் வண்டியில் நாம் ஸ்ரீசைலம் போனோம். மலை ஏறும்போது முக்கி முனகிக்கொண்டு வந்த வண்டியை, குரங்குகளுக்குக் கடலை போட வேண்டும் என்று நான் சொன்னதும் நிறுத்தினாய், நிறுத்திய கையோடு அணைத்தாய். திரும்பும்போது பின்னால் நீலமாகப் புகை. டர்போ போய்விட்டது. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அந்தச் செலவை விட, அந்த மெக்கானிக் செய்த உபதேசம்தான் உன்னைக் கெடுத்தது.

எத்தனை முறை எனக்கு ஒப்பித்திருப்பாய். டர்போ என்பது எஞ்சின் விடுகிற புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற ஒரு விசிறி. அந்த விசிறியின் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுற்றுகிறது. குளிர் காலையில் ஆயில் உறைந்த நெய் மாதிரி அடியில் கிடக்கும், மேலே ஏறிவர நேரம் வேண்டும். அதற்குள் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தண்டு வறட்சியில் சுற்றித் தேயும். அதேபோல விரட்டி ஓட்டிய வண்டியைச் சட்டென்று அணைத்தால் ஆயில் வருவது நின்றுவிடும், கொதிக்கிற டர்போவுக்குள் மிச்சம் இருக்கும் ஆயில் தீய்ந்து கரியாகிவிடும். நம் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து எஞ்சின் கதை சொல்லும்போதுகூட நீ இவ்வளவு பக்தியோடு கேட்டதில்லை.

பிறகு புது வண்டி வாங்கினாய், நம் வீட்டில் சட்டம் அமலுக்கு வந்தது. காலையில் சாவியைத் திருகிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கிளம்பிய பிறகும் கொஞ்ச தூரத்துக்கு, எஞ்சின் சுற்றுகிற வேகத்தை ஆயிரக் கணக்கில் காட்டுகிற முள் இரண்டைத் தாண்டக் கூடாது. சாயந்திரம் வாசலில் வந்து நின்ற பிறகும் எஞ்சினை ஓடவிட்டு இன்னொரு முறை உட்கார வேண்டும். புகையெல்லாம் தன் சமையலறைக்குள் வருகிறது என்று கீழ் வீட்டு அம்மாள் சண்டைக்கு வந்தாள். உன் அண்ணன் வண்டிக்கு என்ன பால் காய்ச்சுகிறாரா என்று என்னைக் கேட்டாள். நான் அவள் பக்கம்தான் சேர்ந்தேன்.

ஆனால் அண்ணா, சாயந்திரம் உட்கார்ந்திருக்கிற அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். உன்னிடம் சொன்னதில்லை. வீட்டுக்குள் போனால் நீ டிவி, நான் அடுப்பு. நின்ற வண்டியில்தான் நீ என் பக்கம் திரும்பிப் பேசுவாய். என்னை விட்டுப்போனவனைப் பற்றி, "அவன் நெனப்பு இன்னும் இருக்குதா உனுக்கு?" என்று நீ ஒரே ஒரு தடவை கேட்டதும் அப்படித்தான். நான் இல்லை என்றேன். நீ தலையாட்டிவிட்டுச் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தாய்.

சரி, அந்த ஜனவரிக் காலைக்கு வருகிறேன். வராமல் எங்கே போவது?

விடிந்தும் விடியாத நேரத்தில் நீ என் அறைக் கதவைத் தட்டினாய். ஸ்வெட்டர் போட்டிருந்தாய், அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது. "சுகுணா, நெஞ்சுல ஒரு மாதிரி கீது. வாயுவாத்தான் இருக்கும். ஒருவாட்டி ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடலாம்" என்றாய். நான் ஆம்புலன்ஸ் கூப்பிடப் போனை எடுத்தேன். "நக்கோ நக்கோ. வண்டி இருக்க சொல்ல ஆம்புலன்ஸ் கைக்கு?" என்றாய், வேண்டாம், எதற்கு என்பதை எப்போதும்போல இந்த ஊர் உருதுவில். எனக்கு அப்போது ஓட்டத் தெரியாது. நீயே டிரைவர் சீட்டில் ஏறினாய்.

சாவியைத் திருகினாய். எஞ்சின் உயிர் பெற்றது. பிறகு வழக்கம்போலக் கையை மடியில் வைத்துக்கொண்டாய்.

"போலாம்ணா."

"இரு. ஆயில் ஏறட்டும்."

அந்த இடத்தில்தான் நான் நிம்மதியானேன், அண்ணா. உயிர் போகிற வலி என்றால் எந்த மனுஷன் ஆயிலுக்காகக் காத்திருப்பான்? நீ காத்திருந்தாய், ஆகவே வாயுதான் என்று நம்பினேன். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, திரும்பி வந்ததும் உப்புமா கிளறலாமா என்றுகூட யோசித்தேன். அந்தக் காத்திருப்பைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். நீயும் அப்படித்தான் உன்னை ஏமாற்றிக்கொண்டாயா? எல்லாம் வழக்கப்படி செய்தால் அதுவும் வழக்கமான ஒரு காலையாகிவிடும் என்று நினைத்தாயா?

சாலையில் ஆள் இல்லை. அப்படி ஒரு காலியான சாலையை சிகந்தராபாத்தில் நான் பார்த்ததே இல்லை. நீயோ கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி ஓட்டினாய். ஒரு பால் வண்டி ஹாரன் அடித்துவிட்டு நம்மைத் தாண்டிப் போனது. முள் இரண்டைத் தாண்டவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், உன் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாய். வண்டியை நகர்த்தச் சொல்லி வாட்ச்மேன் விசில் ஊதினார். "ஏக் மினிட் பாய்" என்று கையைக் காட்டிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்தாய். எறும்பு மாதிரி ஊர்ந்து வந்த வண்டியில் ஆற வைக்க என்ன இருந்தது, அண்ணா? உன் சட்டப்படியே பார்த்தாலும் அது தேவையில்லை. நான் இறங்கி உன் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். நீ அணைத்தாய், பூட்டினாய், பூட்டியிருக்கிறதா என்று கைப்பிடியை இழுத்தும் பார்த்தாய். நடந்தே உள்ளே போனாய். நான் சாவியோடு மட்டும் திரும்பி வந்தேன்.

அந்த டாக்டர் சின்னப் பெண். "கொஞ்செம் முந்து வச்சுண்டே பாகுண்டேதம்மா" என்றாள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் ஆறுதல் மாதிரித்தான் சொன்னாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவள் என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். ஆயில் ஏறுகிற அளவா? முள்ளை அடக்கி ஓட்டிய அளவா? வாசலில் ஆற வைத்த அளவா? மூன்றையும் கூட்டினால் நீ கிடைப்பாயா?

வண்டியை விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் விற்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டேன். பாசத்தால் என்று நினைத்துவிடாதே. அதை வதைப்பதற்காகக் கற்றுக்கொண்டேன்.

ஆமாம், வதைத்தேன். நல்ல குளிரில் ஸ்டார்ட் செய்து, செய்த நிமிஷமே ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன். வண்டி அலறும். முள் மூன்றைத் தாண்டி நான்குக்கு ஏறும். கணக்குப் பார்க்கிற என் மாதாப்பூர் ஆபீஸுக்கு அப்படித்தான் போனேன், அப்படித்தான் வந்தேன். சாயந்திரம் மேம்பாலத்தில் விரட்டிக்கொண்டு வந்து, வாசலில் நின்ற நொடியில் சாவியைத் திருகி அணைப்பேன். தீயட்டும், கரியாகட்டும் என்று வாய்விட்டே சொல்வேன். உன் சட்டங்களில் நான் மீறாதது ஒன்றுகூட இல்லை. கீழ் வீட்டு அம்மாளுக்கு மட்டும் சந்தோஷம், புகை குறைந்துவிட்டதாம்.

போன வாரம் வண்டியில் ஒரு விசில் சத்தம் கேட்டது. இழுவை போய்விட்டது, பின்னால் கறுப்பாகப் புகை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் டர்போ செத்துவிட்டது என்று நினைத்தேன். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் என்னைத் திட்டுவாய்.

அப்போதுதான் எனக்கே புரிந்தது, நான் இத்தனை நாளாக வண்டியைப் பழிவாங்கவில்லை. அது செத்தால் நீ சொன்னது சரி என்று ஆகும். காத்திருக்காவிட்டால் டர்போ போகும், ஆகவே நீ காத்திருந்ததில் ஒரு நியாயம் இருந்தது என்று ஆகும். பெரிய நியாயம் இல்லை, ஒரு கைப்பிடி அளவு. அதை வைத்துக்கொண்டு நான் மிச்ச நாளை ஓட்டிவிடுவேன்.

மெக்கானிக் அடியில் போய்ப் பார்த்தார், குழாய்களைக் கழற்றினார், விரலை விட்டு அந்தத் தண்டை ஆட்டிப் பார்த்தார். "டர்போ மஸ்த் ஹை மேடம். சூஹே நே பைப் காட் தியா, பஸ்" என்றார். டர்போ ஜோராக இருக்கிறதாம். எலி, அண்ணா. எலி ரப்பர் குழாயைக் கடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான் விடவில்லை. குளிரில் ஸ்டார்ட் பண்ணிக் காத்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "யே கோயி டண்ட் ஹை க்யா மேடம்? காஷ்மீர் ஹை க்யா?" என்றார், இதெல்லாம் ஒரு குளிரா என்கிற மாதிரி. இந்தக் காலத்து ஆயில் உடனே ஏறிவிடுமாம், முதலில் சற்று நிதானமாக ஓட்டினாலே போதுமாம். ஹைவேயில் விரட்டி வந்தால் மட்டும் அணைக்குமுன் கொஞ்சம் ஓடவிடுங்கள் என்றார். நான் செய்த கொடுமைகளை எல்லாம் சொன்னேன். அவர் நம்பவே இல்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன். முன்னால் ஓட்டியவர் ரொம்பப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தார், அதனால்தான் இவ்வளவையும் தாங்கியதோ என்று. அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஹோ சக்தா ஹை மேடம்" என்றார். இருக்கலாமாம். இரக்கப்பட்டுச் சொன்னார் என்று தெரியாத அளவுக்கு நான் குழந்தை இல்லை.

ஆக, உன் வண்டி நன்றாக இருக்கிறது. நீ அதற்குக் கொடுத்த நேரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது, உனக்குத் தேவைப்பட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

இன்று காலை நல்ல குளிர். ஸ்டார்ட் செய்துவிட்டு மிதிக்கக் காலைத் தூக்கினேன், மிதிக்க மனம் வரவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆயில் எப்போதோ ஏறியிருக்கும். கீழ் வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

இனிமேல் அதை வதைக்க மாட்டேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தினமும் காலையில் நீ உட்கார்ந்த மாதிரியே உட்காருவேன், இப்போது என்னை யாரும் அவசரப்படுத்துவதில்லை. ஆனால் ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இந்தத் தெருவில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் கதவைத் தட்டினால், சாவியைத் திருகிய நொடியில் எடுப்பேன், முள் எங்கே ஏறினாலும் பார்க்க மாட்டேன், ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கதவு திறந்து கிடக்க, அவர்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவேன். அன்றைக்கு டர்போ போனால் போகட்டும். இதனால் நீ வரப்போவதில்லை, அது தெரியும். நீ போன காலையில் எனக்கு ஓட்டத் தெரிந்திருக்கவில்லை, அண்ணா. இப்போது தெரியும்.

பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்து வந்த உன் தங்கச்சி,
சுகுணா