இரண்டு பக்கமும் காஜா

இன்று காலை உன் பெண்டாட்டி ஸ்டெல்லா என் முன்னால் ஒரு சட்டையைத் தூக்கிப் போட்டாள். இஸ்திரிச் சூடு ஆறாமல் புதுத் துணியின் கஞ்சி வாசனை அடித்தது. விரித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் காஜா ஓட்டை, பொத்தான் தைக்க இடமே இல்லை. அவள் மாமல்லபுரத்தில் நடத்தும் தையல் யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த பெண் செய்த வேலை அது. எனக்குச் சிரிப்பு வந்தது. கையோடு உன்மேல் கோபமும் வந்தது. இந்த நேரத்தில் இங்கே இருக்க வேண்டியவன் நீ, நான் இல்லை.

விஷயம் இதுதான். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஆண்கள் சட்டை தைத்து விற்றுக்கொண்டிருந்தவளுக்கு வெளிநாட்டிலிருந்து முதல் ஆர்டர் வந்திருக்கிறது, பெண்கள் சட்டைக்கு. அந்தப் பெண் தைத்தது அதற்கான மாதிரி. ஆர்டரை எடுத்தால் பெரிய இடம் பிடிக்க வேண்டும், இன்னும் ஆள் சேர்க்க வேண்டும். ஆனால் அந்த நாட்டில் வெளியிலிருந்து வரும் துணிக்கு மறுபடியும் இவ்வளவுதான் என்று கோட்டா வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. வைத்துவிட்டால் தைத்தது அத்தனையும் இங்கேயே கிடக்கும், யூனிட்டும் போய்விடும். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"எடுக்கவாண்ணா, வேணாமா? நீயே சொல்லு" என்றாள்.

என்னால் உட்கார முடியவில்லை. கடற்கரைக்குப் போனேன், திரும்பி வந்தேன், டீயை வாங்கிப் பாதியில் வைத்துவிட்டு மறுபடியும் போனேன்.

கோட்டா என்ற வார்த்தையை நாம் முதலில் கேட்டது ஜி.எஸ்.டி. ரோட்டு எக்ஸ்போர்ட் கம்பெனியில்தானே. நான் கட்டிங், நீ லைன் சூப்பர்வைசர், ஸ்டெல்லா காஜா மிஷின். ஒரு டிசம்பரில் மேனேஜர் வந்து நின்று, ஆண்கள் சட்டைக்கு அந்த நாட்டு அரசு வைத்திருக்கும் வரம்பில் நம் கம்பெனிக்குக் கிடைத்த பங்கு தீர்ந்துவிட்டது, இனி ஒரு சட்டைகூடக் கப்பல் ஏறாது, தையல் லைனை மூடுகிறோம் என்றார். மறுபடி எப்போது திறக்கும் என்று கேட்டதற்கு மேலே பார்த்தார். தை மாதம் உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணம். அவளுக்கும் உனக்கும் அந்த லைனை விட்டால் வேறு வருமானம் கிடையாது. நீ அன்று சாப்பிடவே இல்லை.

இரண்டு நாள் கழித்து வழி பிறந்தது. பெண்கள் சட்டைக்கான பங்கு அப்படியே மிச்சம் இருந்தது. அதே துணியில் பெண்கள் சட்டை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறோம் என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். இரு முகமும் ஒன்றுபோல இருக்கும் கட்டம் போட்ட துணி அது. நான் வெட்டி அடுக்கியிருந்த முன்துண்டுகளைக் குப்புறத் திருப்பிப் போட்டால் இடது வலதாகிவிடும். வலப்பக்கம் இருந்த பொத்தான் இடப்பக்கம் போகும். இன்னும் சில்லறை மாற்றங்கள், அவ்வளவுதான். ஆண் சட்டை பெண் சட்டையாகிவிடும்.

"இன்னா மச்சான் இது? பொத்தான் அந்தாண்ட போனா கவர்மென்ட்டு உள்ள வுடுது, இந்தாண்ட வந்தா வாணான்றான். போட்டுக்கப் போறது என்னவோ மனுசந்தான?" என்றாய்.

அரசு ஒத்துக்கொண்டாலும் கைகள் ஒத்துக்கொள்ளவில்லை. வருஷக்கணக்காக ஒரே பக்கம் ஓட்டிய பெண்கள், பேசிக்கொண்டே பழைய பக்கம் தைத்துவிட்டுப் பிரித்தார்கள். ஸ்டெல்லா ஒரு சட்டையில் பழக்கத்தில் இடது பக்கம் காஜா போட்டுவிட்டு, ஞாபகம் வந்ததும் வலது பக்கமும் போட்டுவிட்டாள். காஜாவை அறுத்துவிட்டால் பிரித்துச் சரிசெய்ய முடியாது. அவள் அழுதாள். நீ திட்டவில்லை. அந்தச் சட்டையை வாங்கி, ஊக்குகளைக் குத்தி நீயே போட்டுக்கொண்டு, அதோடு கூடுவாஞ்சேரிக்கு ரயில் ஏறினாய். பெட்டியே உன்னைப் பார்த்தது.

"பாக்கட்டும். பொண்டாட்டியாவப் போறவ தச்சுக் குடுத்தது, வுட்டுட்டுப் போவ முடியுமா?" என்றாய்.

சரக்கு நேரத்துக்குக் கப்பல் ஏறியது, லைன் பிழைத்தது, கல்யாணமும் நடந்தது. அதற்கப்புறம் உனக்கு ஒரே பேச்சுத்தான். கோட்டாவை எடுத்துவிட்டால் நம்மைப் பிடிக்க முடியாது என்பாய். நானும் நம்பினேன். ஒருநாள் நிஜமாகவே எடுத்தார்கள். லைனுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தாய்.

நடந்தது வேறு. பங்கு பிரித்துக் கொடுத்த காலத்தில்தான் வாங்குகிறவர்கள் நம்மைப் போன்ற சின்னக் கம்பெனிகளைத் தேடி வந்திருக்கிறார்கள். வரம்பு போனதும் ஒரே பெரிய ஃபேக்டரி அவர்களுக்குப் போதுமானதாகிவிட்டது. நம் கம்பெனியை மூடிய அன்று வாசலில் நின்று, "நம்மளக் கட்டிப் போட்ட கயிறுதான் நம்மள நிக்க வச்சிகினு இருந்துச்சா மச்சான்?" என்று கேட்டாய். நான் செங்கல்பட்டில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கப் போனேன். நீ சிறுசேரி ஐ.டி. கம்பெனி ஆட்களுக்கு வேன் ஓட்டினாய். வேனில் ஏறுகிறவர்களின் சட்டைத் தையலைக் கண்ணாடியில் பார்த்துக் குறை சொல்வாய்.

போன வருஷம் அந்த வேனை நிறுத்திவிட்டு இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். கடைசியாகக் குளிப்பாட்டிக் கிடத்தி, உனக்குச் சட்டை போட்டுவிடச் சொன்னார்கள். எதிரே உட்கார்ந்து பொத்தானைத் தேடினால் எல்லாம் பக்கம் மாறித் தெரிந்தது. ஆயிரக்கணக்கில் சட்டை வெட்டிய கையால் ஒரு பொத்தான் போட முடியவில்லை. "வுடுண்ணா, நா போடறேன்" என்று ஸ்டெல்லாதான் போட்டுவிட்டாள். அன்று நான் அழுததை யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் யூனிட்டுக்குத் திரும்பினேன். நீ இருந்தால் எடு என்றுதான் சொல்லியிருப்பாய். உன் பேச்சைக் கேட்டு மிட்டாய் தின்றவன் நான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எடுக்கறேன்னு சொல்லிட்டேண்ணா" என்றாள் ஸ்டெல்லா. "கோட்டா வெச்சாலும் பயம், எடுத்தாலும் பயம். அவனுங்க முடிவு பண்றவரிக்கும் நா கையக் கட்டிகினு குந்திகினு இருக்கவா?"

அந்தப் புதுப் பெண் மூலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் காலையில் வந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஸ்டெல்லா ஊக்கு டப்பாவை நீட்டினாள்.

இப்போது செங்கல்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். பயம் போகவில்லை. ஒரு ஊக்கு மட்டும் அடிக்கடி கழன்றுகொள்கிறது, அதைக் கையால் பிடித்துக்கொண்டு வருகிறேன். பஸ்ஸே என்னைப் பார்க்கிறது. பார்க்கட்டும் மச்சான்.