டூட்டிக்கு முன் ஒரு ஊசி

தா.பழூர்

அன்பு மகள் பிரவீணாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் தம்பி தமிழ்மாறனும் நலம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அப்படியே இருக்க வேண்டும். என்னைப் பற்றி மட்டும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா குறுவை நடவை முடித்துவிட்டார், தம்பி அரியலூருக்கு வேலைக்குப் போகிறான், பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி தினமும் அரைமணி நேரம் சட்டை தேய்க்கிறான். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் பாதியில் வைத்துவிடுவேன், அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் நம் தெரு செல்லதுரையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் இடுப்பு வலி உனக்குத் தெரியும், இருபது வருடமாகப் பெண்கள் வார்டில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டி வந்தது. உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். வலி தாங்காத நாட்களில் டூட்டிக்கு முன் என்னோடு வேலை பார்க்கும் தனம் எனக்கு டைக்ளோ என்ற வலி ஊசி ஒன்று போட்டுவிடுவாள், அவள் கழுத்து வலிக்கு நான் போட்டுவிடுவேன். சீட்டும் கிடையாது, டாக்டரைக் கேட்பதும் கிடையாது, நர்சுக்குத் தெரியாத ஊசியா என்ற திமிர்தான். எட்டு மணி நேரம் ஓடிவிடும், பஸ் பிடித்து வீடு வருவதற்குள் வலி திரும்பிவிடும், பாயில் விழுந்தால் எழ மாட்டேன். நீ சீப்பும் ரிப்பனுமாக வந்து நின்றால் அப்பாவிடம் போ என்று எரிந்து விழுவேன். பன்னிரண்டாவதில் நீ பரிசு வாங்கிய ஆண்டு விழாவுக்குக்கூட வலி என்று படுத்துவிட்டு, மறுநாள் காலையில் ஊசி போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதையாவது நீ மன்னித்துவிடுவாய். மாசி மாதம், நீயும் என்னைப் போல் நர்சாக அங்கே வார்டில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிவிட்டு வந்து போனில், "இடுப்பு வலியில நிக்க முடியலம்மா, பாப்பாவத் தூக்கக்கூட முடியல" என்று அழுதாய். லீவு போடு, டாக்டரைப் பார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "டூட்டிக்கு முன்னாடி ஒரு டைக்ளோ போட்டுக்கடி, நான் அப்படித்தானே ஓட்டுறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். வாரத்துக்கு மூன்று போடுகிறேன், இப்போது பரவாயில்லை என்று நீ பிறகு சொன்னபோது சந்தோஷம் வேறு பட்டேன், பாவி.

போன வாரம் என் கால் வீங்கியது. ரத்தம் சோதித்ததில் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, சிறுநீரகம் கெட ஆரம்பித்துவிட்டது, இனி அந்த ஊசியைத் தொடவே கூடாது என்று திருச்சி டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதைக்கு மாத்திரையும் உப்புக் குறைத்த சாப்பாடும்தான், பயப்படாதே. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, எனக்காக அவரும் உப்புக் குறைத்தே சாப்பிடுகிறார், திட்டியிருந்தால் தேவலாம். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் என் நினைப்பெல்லாம் உன் மேல்தான் ஓடியது.

ஊசியை இன்றோடு நிறுத்திவிடு. ரத்தம் சோதித்துப் பார், லீவு கேள், தராவிட்டால் வேலை போகட்டும், ஊருக்கு வந்துவிடு. நானும் இரண்டு மாதம் மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வலியோடு இருக்கும்போது பாப்பா வந்தால் விரட்டாதே, அம்மாவுக்கு வலிக்கிறது என்று சொல்லிப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள். நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும். ஒன்று மறக்காதே, டாக்டர் எத்தனை ஊசி என்று கேட்டால் குறைத்துச் சொல்லாதே. யார் சொல்லிப் போட்டாய் என்று கேட்டால் என்னைக் காப்பாற்ற நினைக்காதே, என் அம்மா சொன்னாள் என்றே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
மலர்க்கொடி