ஒன்பதாவது கேள்விக்கு அம்சம் சொன்ன பதில்

திருவாரூர்,
ஆனி 20

மதிப்பிற்குரிய இசைவாணி அம்மாவுக்கு, அம்சத்தின் கணவன் இராஜாங்கம் வணக்கத்தோடு எழுதுவது. நலம் என்று எழுதத்தான் கை போகிறது. இங்கே நலம் இல்லை.

போனில் உங்களுக்கு எழுதிப் பார்த்தேன். போன் வழியாக நீங்கள் அம்சத்துக்கு நடத்திய எட்டு வார மனநலப் பயிற்சி முடிந்துவிட்டது, இனி செய்தி போகாது என்று வந்தது. நீங்கள் அனுப்பிய சான்றிதழின் அடியில் சென்னை முகவரி இருந்தது. அதனால்தான் தபால்.

போன வாரம் அம்சம் ஆற்றில் இறங்கிவிட்டாள். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்து இழுத்துப் போட்டார்கள். உயிர் இருக்கிறது. நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். இவள் தங்கை காத்தாயி கண் அகலாமல் கூடவே இருக்கிறாள்.

மகள் எழில்மொழி பிரசவத்தில் போனதிலிருந்து இவள் இப்படி. சிங்கப்பூரில் இருக்கும் மகன் பரிதிதான் உங்களிடம் சேர்த்துவிட்டான். இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் போனுக்கு அனுப்பும் ஒன்பது கேள்வியையும் நான் வாசிப்பேன், இவள் சொல்வாள், அந்தப் பதிலை நான் போனில் தொடுவேன். மற்றதையெல்லாம் அவள் சொன்னதைவிடக் கொஞ்சம் தேவலை என்று போட்டேன். ஒன்பதாவது, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்பது. எட்டு வாரமும் தினமும் தோணுது என்றாள். எட்டு வாரமும் நான் இல்லை என்று போட்டேன்.

இந்தப் பதில்களின் அறிக்கை பரிதிக்கும் போகுமே அம்மா. பத்து மாடி உயரத்தில் சாரத்தில் நின்று வேலை பார்க்கிற பிள்ளை. ஊர் வாய் வேறு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. எட்டு வாரத்தில் ஒரு தடவை இவள் குரலைக் கேட்டிருக்கக் கூடாதா? பதில் போடுவது யார் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் போதுமே.

ஆஸ்பத்திரியில், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். ஒரே ஒரு தடவை பேசினாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட எட்டு வாரமா சொன்னேன். நல்ல முன்னேற்றம், சந்தோஷம்னுதானே பதில் போட்டுச்சு."

அந்தப் பதிலையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு யாரிடமும் பேச்சில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் எவ்வளவோ தன்மையாகக் கேட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி யாரிடம் சொல்லி என்ன என்று இருக்கிறாள்.

அவள் சொன்னது உங்களிடம் வந்து சேரவே இல்லை என்பதைச் சொல்ல மூன்று முறை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். நீங்கள் கூப்பிடுங்கள். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் இராஜாங்கம்தான் பதிலை மாற்றிப் போட்டார் என்று என் பெயரைச் சொல்லியே அவளிடம் சொல்லுங்கள். என்னைத் திட்டட்டும், என் மூஞ்சியில் முழிக்காமல் போகட்டும். திட்டுவதற்காவது அவள் வாய் திறக்க வேண்டும்.

நீங்களும் உங்கள் பிள்ளைகுட்டிகளும் நூறு வயசு இருக்கணும். கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடுங்கள் அம்மா.

அம்சத்தின் வீட்டுக்காரன்,
இராஜாங்கம்