ரயானாவின் வேர்

மார்ச் 4
அகராதி அலுவலகத்தில் இன்று முழுக்க ஒரே சொல்லோடு மல்லுக்கட்டு. ரயானா. மேற்காசியாவின் பழைய அரமேய மொழியில் எண்ணம் என்று பொருள். நடுவில் தொண்டையடியிலிருந்து ஓர் ஒலி வரும். நம் எழுத்தில் அதற்கு இடமில்லை. ஆடு மேய்ப்பதற்கான வேர்ச்சொல்லும் அச்சு அசல் இதே மாதிரி இருக்கிறது. எண்ணம் என்பது மேயப் போன மனம் — நாமும்தான் ‘புத்தி எங்க மேயுது?’ என்கிறோம். அழகாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் என் கணவர் ஜன்னலோரம், காலையில் நான் விட்டுவிட்டுப் போன அதே நாற்காலியில். ரயில் ஓட்டியவர். தண்டவாளத்தில் வந்து நின்ற ஒரு மனிதன் அவர் வண்டியில் அடிபட்டுச் செத்த பிறகு ஓட்டவில்லை.

“என்னங்க யோசிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

மார்ச் 5
அலுப்பு. துணி துவைக்கவில்லை.

மார்ச் 9
என் அண்ணன் வந்திருந்தார். “மாப்பிள்ளைக்கு டிக்கெட் ஆபீஸ்ல சொல்லி வெச்சிருக்கேன். இனிமே இன்ஜின் பக்கமே தலைவெச்சுப் படுக்க வேணாம்.” எனக்குப் போன உயிர் வந்தது. அவர் தலையாட்டினார். சம்மதமா, ஆளை விட்டால் போதும் என்றா? கேட்கத் தெம்பில்லை.

மார்ச் 12
பொறுப்பாசிரியர் என் குறிப்பை அடித்துவிட்டார். “படிக்க நல்லாருக்கும்மா. ஆனா தப்பு.”

அரமேயத்தில் பழைய ஒலிகள் இரண்டு ஒன்றாகக் கலந்துவிட்டனவாம். அதனால் மேய்ப்பதும் விரும்புவதும் ஒரே உருவில் நிற்கின்றன. உறவு மொழியான எபிரேயத்தில் தனித்தனி: மேய்க்க ரஆ, விரும்ப ரட்ஸா. ரயானா இரண்டாவது குடும்பம் என்பதே பெரும்பாலோர் முடிவு. எண்ணத்துக்கு அடியில் இருப்பது விருப்பம். ஆடும் இல்லை, புல்லும் இல்லை.

எரிச்சலில் அவரிடம் புலம்பினேன், சுவரிடம் சொல்வதுபோல.

“இதுல என்ன அதிசயம்? ‘உன் நெனப்பாவே இருக்கு’ன்னா, யோசிக்கிறதுன்னா அர்த்தம்?” என்றார்.

எத்தனை நாளாயிற்று, அவர் வாயிலிருந்து இவ்வளவு வந்து!

மார்ச் 13
சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். “உங்களுக்கு என்னதான் வேணும்?”

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “திட்டுவ.”

“மாட்டேன், சொல்லுங்க.”

“வண்டி ஓட்டணும்.” சோற்றைப் பிசைந்தபடி, “ஒரு மனுஷன் செத்திருக்கான். எனக்கு வண்டி மேல ஆசை. இத யார்கிட்ட போய்ச் சொல்றது?”

அந்த மனிதனையே நினைத்து உருகுகிறார் என்றல்லவா நாங்கள் எல்லோரும்... உருகினார்தான். கூடவே இதுவும். இந்த வெட்கம்தான் வாயைக் கட்டிப்போட்டிருக்கு.

எனக்கு வேணாம். திரும்ப அந்த இன்ஜின் கண்ணாடிக்கு முன்னாடி அவர் உக்கார வேணாம் எனக்கு. ஆனா நான்தானே கேட்டேன்?

மார்ச் 16
டிக்கெட் ஆபீஸ் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். “மாப்பிள்ளையோட சேர்ந்து உனக்கும் புத்தி பிசகிப்போச்சா?” போனை வைத்துவிட்டார்.

ஏப்ரல் 21
மறுபடி வண்டி ஓட்ட அனுமதி வேண்டும் என்றால் கண் பரிசோதனை, மனநல மருத்துவர், பக்கத்தில் இன்னொரு ஓட்டுநரோடு ஒத்திகை ஓட்டம். எல்லாவற்றிலும் தேறிவிட்டார். சொல்லும்போது சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

மே 6
இன்று அவர் மறுபடி தனியாக வண்டி எடுத்தார். எனக்கு அலுவலகத்தில் ஒரு வரிகூட ஓடவில்லை. மதியம் ஏதோ நிலையத்திலிருந்து கூப்பிட்டார். பின்னால் இன்ஜின் உறுமல்.

“சாப்ட்டியா?”

“ம், சாப்ட்டேன்” என்றேன். டப்பாவைத் திறக்கவே இல்லை.