உள்வேலை

உங்கள் சட்டைகளை இன்றுதான் பீரோவிலிருந்து வெளியே எடுத்தேன். பங்குக் கோயிலில் ஃபாதர் பழைய துணி கேட்டிருந்தார். எத்தனையோ முறை துவைத்து மடித்தவைதான். ஆனாலும் அந்தக் கோடு போட்ட சட்டையை உதறியதும் துப்பாக்கி எண்ணெய் வாசம் வந்துவிட்டது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. நீங்கள் போய் ஓராண்டு ஆன பிறகும் அது ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு நான் கணபதிப் பக்கத்தில் ஒரு மோல்டுப் பட்டறையில் இருந்தேன். பிளாஸ்டிக் குடம், பக்கெட் வார்க்கும் இரும்பு அச்சுகளின் உட்புறத்தை ஆயில் ஸ்டோன் என்கிற சாணைக்கல்லால் தேய்த்து, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவருவது என் வேலை. பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அம்மா சமையல் தெரியுமா என்று கேட்டார்கள். நீங்கள் என் விரல்களைப் பார்த்துக்கொண்டே, "எந்த நம்பர் கல்லு போடறீங்க?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கேள்விக்காகவே எனக்கு உங்களைப் பிடித்துப்போனது.

லைசென்ஸ் துப்பாக்கிகளை விற்று, பழுது பார்க்கும் கடை உங்களுடையது. முன்னால் கண்ணாடி அலமாரி, நடுவில் பலகைத் தடுப்பு, அதற்குப் பின்னால் வேலை மேசை. வேலை செய்பவர் என்று என் பெயரையும் முறைப்படி உரிமத்தில் சேர்த்தீர்கள். தடுப்புக்குப் பின்னால் எனக்கு ஓர் இடம் கிடைத்தது.

ரிவால்வரின் விசையை இழுக்கும்போது உள்ளே சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள் ஒன்றோடொன்று உரசும். கடைசியில் ஹேமர் என்கிற சின்னச் சுத்தியல் விழுந்துதான் குண்டை வெடிக்கவைக்கும். பிசிறு இருந்தால் மண் ரோட்டில் வண்டி ஓட்டுவதுபோல விரலில் தட்டும். நான் எல்லாவற்றையும் கழற்றி, உரசும் முகங்களை மட்டும் கல்லில் தேய்ப்பேன். பூட்டிப் பார்ப்பேன், மறுபடியும் கழற்றுவேன். திருப்தியானதும் குண்டில்லாத அந்த ரிவால்வரை உங்களிடம் நீட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்ப்பீர்கள். "வெண்ணெயாட்டம் இருக்குது அம்மணி" என்பீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நாள் முழுக்கக் குனிந்திருக்கலாம் என்று தோன்றும்.

பிறகு அதை முன்னால் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். "உங்க கைக்கு மோதரம் போடோணுமுங்க" என்று வாங்கிப் போகிறவர்கள் சொல்வது தடுப்பைத் தாண்டி எனக்குக் கேட்கும். நீங்கள் சிரிப்பீர்கள். அது யார் கை என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடை நம்முடையது, பெயர் யாருக்குப் போனால் என்ன என்று இருந்தேன்.

அந்தியூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த மில்காரர் வந்தது அப்படி ஒரு நாளில்தான். நான் முடித்துக் கொடுத்த ரிவால்வரைத் திருப்பிக் கொண்டுவந்தார். விசை இன்னும் லேசாக வேண்டும், தொட்டால் விழ வேண்டும் என்றார். நீங்கள் உள்ளே வந்து என்னிடம் சொன்னீர்கள்.

"மழமழப்பாக்கறது வேறைங்க, லேசாக்கறது வேறைங்க" என்றேன். "ஹேமரைப் புடிச்சு நிறுத்தற வெட்டுல கை வெச்சா, அப்பறம் அது எப்ப உழுகும்னு யாருக்குங்க தெரியும்? அதை நான் தொடமாட்டேன்."

"செரி உடு. நான் சொல்லிக்கறேன்" என்றீர்கள்.

சொல்லிவிட்டீர்கள் என்றுதான் நம்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று நீங்கள் பூசைக்கு வரவில்லை. நானும் மகளும் திரும்பியபோது வீடு பூட்டிக் கிடந்தது. கடையில் மின்விசிறியை அணைக்க மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

அடுத்த மாதம் மில்காரர் தன் தோட்டத்தில் யாருக்கோ காட்டுவதற்காக ஹேமரைப் பின்னுக்கு இழுத்திருக்கிறார். விரல் விசையில் படவே இல்லை. ஹேமர் தானாக விழுந்தது. குண்டு, பக்கத்தில் நின்ற அவருடைய டிரைவர் பழனிசாமியின் முழங்காலில் பாய்ந்தது.

இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்து, "இதுல வேலை செஞ்சது யாரு?" என்று கேட்டார். நான் தடுப்பைத் தாண்டி வந்து உங்கள் பக்கத்தில் நின்றேன். உங்களுக்குத் துணையாக நிற்பதாக நினைத்துத்தான் நின்றேன்.

"இவங்கதானுங்க" என்று என்னைக் காட்டினீர்கள். "நான் முன்னால யேவாரத்தப் பாத்துக்கறதுங்க. உள்வேலை பூராமே இவங்கதானுங்க."

இத்தனை வருடங்களில் அதை நீங்கள் ஓர் ஆளிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

சோதனைக்கு வந்த நிபுணர் ரிவால்வரை என் கண்ணெதிரே பிரித்து, அந்த வெட்டைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். கல்லின் தடம் இல்லை, அரத்தின் தடம். கீறல்கள் எல்லாம் இடது கைக்காரர் இழுத்ததுபோல ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. நம் கடையில் இடது கையால் அரம் பிடிக்கிறவர் ஒருவர்தான். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். வாயைத் திறந்தால் கடையின் உரிமம் போய்விடும், மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்த இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்துதானே இருந்தது?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏனுங்க, எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"பொம்பளைன்னா உட்டுருவாங்க அம்மணி. என்னையப் புடிச்சா கடையே போயிரும். நீ பொறுத்துக்குவேன்னு தெரியும்."

விட்டுவிடவில்லை. கவனக்குறைவு என்று கோர்ட்டில் என் பெயரைப் படித்தார்கள். உரிமத்திலிருந்து நீக்கினார்கள். வழக்கு நடக்கும் முன்பே, ஆஸ்பத்திரிக்குப் பழனிசாமியைப் பார்க்கப் போனபோது அவர் மனைவி, "பொம்பளை கையில துப்பாக்கியக் குடுத்தா இப்படித்தானுங்க ஆகும்" என்றாள். கொண்டுபோன பழங்களை அங்கேயே பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு நான் கடைப் பக்கம் வரவில்லை. சரவணம்பட்டியில் ஒரு மோல்டுப் பட்டறையில் சேர்ந்து, பழையபடி பக்கெட் அச்சு தேய்த்தேன். உங்களுக்குச் சமைத்தேன், உங்களோடு பூசைக்கு வந்தேன், மகளின் கல்யாணத்தில் பக்கத்தில் நின்றேன். வெளியில் பார்த்தால் நல்ல குடும்பம். நீங்கள் வாய் திறப்பீர்கள் என்று காத்திருந்தேன். படுக்கையில் விழுந்த பிறகாவது திறப்பீர்கள் என்று ஆஸ்பத்திரியில் உங்கள் தலைமாட்டிலேயே இருந்தேன். தண்ணீர் கேட்டீர்கள். மகளைக் கேட்டீர்கள். கடைச் சாவியைக் கூடக் கேட்டீர்கள்.

போன மாதம் உங்கள் முதலாண்டு நினைவுப் பூசைக்கு, யாரும் எதிர்பார்க்காமல் பழனிசாமி வந்திருந்தார். கையில் ஊன்றுகோல். பூசை முடிந்ததும் கோயில் வளாகத்து வேப்ப மரத்தடிக்கு அழைத்துப் போனேன். நீங்கள் இல்லை, கடையும் இல்லை. இனி யாரைக் காப்பாற்ற வேண்டும்?

"அண்ணா, ஒண்ணு சொல்லோணுமுங்க. அந்த வெட்டுல அரம் போட்டது நானில்லீங்க."

அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியுமுங்க அம்மணி. அவரே சொல்லிப்போட்டாருங்க. நான் ஆசுபத்திரியில இருந்து ஊட்டுக்கு வந்த வருசமே வந்து, என்ற கையப் புடிச்சுட்டு நெம்ப நேரம் அழுதாருங்க. அப்பறம் வருசா வருசம் அந்தியூர்ச் சந்தைக்கு வாரப்பவெல்லாம் ஊட்டுக்கு வந்துட்டுத்தானுங்க போவாரு."

ஆடி பிறந்தால், அந்தியூரில் குதிரைச் சந்தை பார்க்கப் போகிறேன் என்று கிளம்புவீர்களே! நான்தான் தயிர்சாதம் கட்டிக் கொடுப்பேன்.

"எங்கூட்டுக்காரி மொதல்ல சண்டைக்குத்தானுங்க போனா" என்றார் பழனிசாமி. "'என்ற ஊட்டுக்காரியே என்னைய மன்னிச்சுட்டா, நீங்களும் மன்னிச்சுக்கோங்க'ன்னு அவரு சொன்னாருங்க. நீங்களே மன்னிச்ச பொறகு, நாங்க என்னத்தப் பேசறதுங்க?"



"எங்கிட்ட அவரு கேக்கவே இல்லீங்கண்ணா" என்றேன்.

அவர் ஊன்றுகோலைப் பிடித்தபடி அங்கிருந்த திண்டில் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப நாங்க குடுத்த மன்னிப்பு?" என்று கேட்டார்.

"அது உங்களுதுங்க. அது செல்லுமுங்க."

அவரை பஸ் ஏற்றிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அந்தக் குடும்பத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழ உங்களால் முடிந்திருக்கிறது. எனக்கு முன்னால் மட்டும் முடியவில்லை. என் வேலையை எடுத்து முன்னால் கொடுத்ததுபோல, என் மன்னிப்பையும் என்னைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அந்த ஆஸ்பத்திரி நாள்களில் அது என் நாக்கு நுனியில் இருந்தது. இப்போதும் அங்கேயேதான் இருக்கிறது.