சாராள் அக்காவுக்குப் போட்ட ஜிமிக்கி

என் அன்பு சாராள் அக்காவுக்கு,

நீங்கள் கர்த்தரிடம் போய் எட்டு மாதம் ஆகிறது. நம் சகோதரிகள் இல்லத்தில் நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அருவருப்பாக இருக்கிறது அக்கா. முதலில் சபையின் மேல், அப்புறம் என் மேல்.

உங்கள் காதில் ஜிமிக்கி போட்டிருக்கிறார்கள்.

புரியும்படி சொல்கிறேன். நம் லுத்தரன் சபை வருகிற வருஷத்துக் காலண்டரில் உங்கள் படத்தைப் போடப்போவதாக மூப்பர் வந்து சொன்னார். பட்டாசு ஆலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவருக்கு அஞ்சலியாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாம்பல் நிறச் சேலையும் மரச்சிலுவையுமாக, நம் திருத்தங்கல் இல்லத்து வாசலில் நீங்கள் சிரிக்கிற படத்தை நானே தேடி எடுத்துக் கொடுத்தேன்.

காலண்டரின் மேல் விளிம்பில் தகரப் பட்டை வைத்து அழுத்துகிற வேலைதானே நமக்குச் சோறு போடுகிறது. சபையின் ஆர்டரும் நம்மிடமே வந்தது. சீசன் நேரம், வேன்காரர் காலையிலேயே லோடை இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஜெபம் முடித்து, வழக்கம்போல் வாய் பேசாமல் வேலைக்கு உட்கார்ந்தோம். கட்டைப் பிரித்தால் நீங்கள். மாம்பழ நிறத்தில் பட்டுச்சேலை, கழுத்தில் ஆரம், காதில் ஜிமிக்கி. முகம் மட்டும்தான் உங்களுடையது. சிலுவையைக் காணோம். கீழே ‘செல்வி சாராள்’ என்று போட்டிருந்தார்கள். சகோதரி என்று எழுதக்கூட மனம் வரவில்லை.

கல்யாணமும் நகையும் வேண்டாம் என்று பொருத்தனை எடுத்த அன்று பீடத்துக்கு முன்னால் கம்மலைக் கழற்றி உங்கள் அம்மா கையில் கொடுத்தீர்களே, அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டு அழுதாரே, அதற்கெல்லாம் என்ன அர்த்தம்? இவர்கள் கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டி அதையெல்லாம் இல்லாமல் பண்ணிவிட்டார்கள்.

ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை அக்கா. மதிய மணி அடிக்கும்வரை பேசுவதில்லை என்று நாம் நாலு பேரும் சேர்ந்து எழுதிய ஒழுங்கு அது. இளையவள் எப்சி கண் கலங்க என்னையே பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். ஒழுங்கைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, அந்தப் பட்டுச்சேலைக்கு ஒவ்வொன்றாகத் தகரம் வைத்தேன். என்னைப் பார்த்து அவர்களும் வைத்தார்கள். மணி அடித்தபோது பாதி லோடு முடிந்திருந்தது.

ஒருநாள் காலை ஆலைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதே, நினைவிருக்கிறதா? நாங்கள் மூவரும் ஜெபத்தில் உட்கார்ந்தபடி மணியை எதிர்பார்த்து விழித்துக்கொண்டிருக்க, நீங்கள்தான் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள்: “எந்திரிங்க. ஜெபத்த நடந்துக்கிட்டே பண்ணுவோம்.” அதைக் கேட்ட நான்தான் இப்படிச் செய்தேன்.

மதியம் மூப்பரை வரச்சொன்னேன். அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

“யம்மா, சாம்பச் சேலையில போட்டா பாக்குறவுக ஆர்.சி. கன்னியாஸ்திரின்னு நெனைப்பாக. குடும்பத்துப் பொண்ணு மாதிரி லட்சணமா இருக்கட்டுமேன்னுதான் செஞ்சோம்.”

நம் சபைக்குப் பேர் தந்த லுத்தரே ஒரு கன்னியாஸ்திரியைக் கல்யாணம் செய்தவர்தானே என்று பழைய பாட்டையும் பாடினார். அதற்கு நீங்கள் முன்பு அவரிடமே சொன்ன பதில் உண்டு: “அவரு மடத்துக் கதவத் தொறந்து விட்டாரு, சரி. தொறந்த கதவு வழியா உள்ள வரவும் செய்யலாம்ல?” நானோ, மீதி லோடைத் தொட மாட்டோம் என்று மட்டும் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. செய்தவரைக்கும் போதும், முதலில் அதைக் கொடுப்போம் என்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஆக, முதலில் வீடுகளில் தொங்கப்போவது நாங்கள் மூவரும் தகரம் வைத்த காலண்டர்கள்தான். அன்று கையை எத்தனை தடவை கழுவியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வருகிற ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் கொடுக்கப்போகிறார்கள். வழக்கமாக நாம் யாரிடமும் பேசாமல் தலை குனிந்து இல்லம் திரும்புகிற நேரம். உங்கள் பழைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வாசலிலேயே நிற்பேன். காலண்டர் வாங்கிப்போகிற ஒவ்வொருவரிடமும், இதுதான் எங்கள் சகோதரி, அந்தக் காலண்டரைக் கெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்வேன். எப்சியும் கூட நிற்கிறேன் என்கிறாள். மதிய மணிக்கு நான் காத்திருக்க மாட்டேன் அக்கா, இது சத்தியம்.

ஒரே பொருத்தனையில் உங்களுக்குப் பின் பிறந்த தங்கை,
ரூபி